சொல்லாமல் சொல்லும் பெயர்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் பேச்சில் துப்பாக்கி

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்துள்ளார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறிக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. தமிழாசிரியர் பலரும் வகுப்பறையில் இதனையே எடுத்தாள்வர். இன்று கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நகைக்கடைகளுக்குள் 'பறி' என்னும் சொல்லைக் கேட்பது அரிது. ஆனால் அக்கடைகளின் வாயிலில் நிற்கும் காவலர் கையில் இருக்கும் பொருளுக்கு, அதனை வீட்டில் வைத்திருக்கும் தமிழரிடையே ஒரு மறைபெயர் வழங்குகிறது. அவர்கள் அதனைச் 'சாமான்' என்பர். சில வேளைகளில் வெறுமனே 'அது' என்பர். துப்பாக்கி என்று வாய்விட்டுச் சொல்வோர் பெரும்பாலும் துப்பாக்கி இல்லாதவர்களே.

இவ்வழக்கை நன்னூலார் வகுத்த மூன்றனுள் எதில் அடக்குவது என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. நாணத்தால் மறைக்கப்படுவதன்று, ஆகவே இடக்கரடக்கல் ஆகாது. அமங்கலத்தை மாற்றி உரைப்பதும் அன்று. குழூஉக்குறி எனலாமா? ஒரு தொழிற்கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. சாமான் என்றால் இன்னது என்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த எவரும் அறிவர். எனவே மறைத்தல் இதன் நோக்கமன்று. சொல்லை அடக்கி வாசித்தலே நோக்கம். அச்சத்தின் பொருட்டு எழுந்த இவ்வழக்குக்குத் தனிப்பெயர் ஒன்று வேண்டும் என்பது என் கருத்து.

பேச்சின் இயல்பு

கிள்ளான் பள்ளத்தாக்கில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருக்கும் தமிழர் சிலரே. காட்டுப்பன்றியால் இழப்புறும் செம்பனைத் தோட்டச் சிறு உடைமையாளர், பணம் கொண்டு செல்லும் வணிகர், குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபாடு கொண்டோர் என அவர்களை அடையாளப்படுத்தலாம். பாதுகாவல் நிறுவன ஊழியர் இவர்களினின்றும் வேறானவர். துப்பாக்கி நிறுவனத்துடையது, ஏந்துவது மட்டுமே அவர் பணி. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் உடையவருக்குரிய உரிமத்தையும் பிறர் ஆயுதத்தை ஏந்துவோருக்குரிய அனுமதிச் சீட்டையும் வேறுபடுத்துகிறது. பேச்சு வழக்கிலோ இரண்டும் 'லைசன்ஸ்' தான்.

இவர்தம் பேச்சு எவ்வாறு அமையும் என்பதை விளக்க ஒரு மாதிரி உரையாடலை அமைத்துக் காட்டுகிறேன். இது குறிப்பிட்ட எவருடைய கூற்றும் அன்று. இடம் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகம் எனக் கொள்க.

"அண்ணே, சாமானுக்கு லைசன்ஸ் புதுப்பிச்சாச்சா?"

"ஆச்சு தம்பி. பாலாய்க்கு மூனு தடவ நடந்தேன்."

"ரவை இருக்கா?"

"இருக்கு, கணக்குப்படி இருக்கு. போன வாரம்கூட பன்னி வந்து கன்னெல்லாம் நோண்டிருச்சு. மெதுவா பேசுப்பா."

"நம்ம பய ஒருத்தன் வெளிநாட்டுலேருந்து ஏதோ பார்ட்ஸ் வரவழைச்சானாம். கஸ்டம்ஸ்ல நிக்குதாம்."

"அவன மொதல்ல பாலாய்ல கேக்கச் சொல்லு. கேக்காம செஞ்சா கோர்ட்டுதான்."

ஆறு கூற்றுகளில் துப்பாக்கி என்னும் சொல் ஒருமுறையும் வரவில்லை. வந்தவை உரிமம், காவல் நிலையம், கணக்கு, சுங்கம், நீதிமன்றம் ஆகியனவே. அமெரிக்காவில் துப்பாக்கி உடையோர் கூடினால் குழலின் விட்டம், செய்தோர் பெயர், விலை, எந்தக் கடையில் எது கிடைக்கும் என்றே பேச்சு வளரும். நம்மவர் பேச்சில் பொருளைக் காட்டிலும் காகிதமே மிகுதி. 'பாலாய்' என்பது மலாய் மொழியில் கூடம் எனப் பொருள்படும் சொல். காவல் நிலையத்தைக் குறிக்கும் இருசொல் தொடரில் முற்பகுதியை மட்டும் மலேசியத் தமிழ் எடுத்துக்கொண்டது.

சொற்களின் பயணம்

'துப்பாக்கி' என்பதைத் துப்பு, ஆக்கி எனப் பிரித்துத் தமிழ் மூலம் காண முயல்வோர் உளர். துருக்கிய மொழியின் 'துஃபெக்' பாரசீகம், உருது வழியாகத் தென்னகம் வந்து தெலுங்கில் துபாகி, தமிழில் துப்பாக்கி என நிலைத்தது என்பதே ஏற்கத்தக்கது. 'பீரங்கி'யும் பறங்கியரைக் குறித்த சொல்லோடு தொடர்புடையதே. தனித்தமிழார் வழங்கிய 'சுடுகலன்' ஈழத்து எழுத்துகளில் பரவலாக ஆளப்பட்டது. நம் நாட்டுப் பேச்சில் அது இடம்பெறவில்லை.

மலாய் மொழியின் 'செனாப்பாங்' டச்சுச் சொல்லின் திரிபு. குண்டைக் குறிக்கும் 'பெலுரு' போர்த்துகீசியத்தினின்று வந்தது. ஆனால் சுடுபடையைப் பொதுவாகக் குறிக்கும் பழைய மலாய்ச் சொல்லான 'பெடில்' தமிழின் வெடி, வெடில் என்பவற்றோடு தொடர்புடையது என அகராதியாளர் கருதுவர். வெடிமருந்தின் பெயரைத் தமிழிடம் பெற்ற மொழியிலேயே இன்று தமிழர் தம் உரிமத்திற்கு விண்ணப்பம் எழுதுகின்றனர்! அவ்விண்ணப்பங்களில் காணப்படும் 'செனாப்பாங் பாத்தா' என்பதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'முறிந்த துப்பாக்கி' என்றாகும். பழுதுபட்ட துப்பாக்கி என மாணவர் மயங்கக்கூடும். கீல் வைத்து நடுவில் மடக்கித் தோட்டாவை இடும் வகையே அது. 'மடக்குத் துப்பாக்கி' எனல் பொருந்தும். நீதிமன்ற மொழிபெயர்ப்பில் இத்தகைய பிழை நேரின் விளைவு சிறிதாக இராது.

அச்சத்தின் வேர்

மலேசியத் தமிழர் இச்சொல்லை ஏன் அடக்கி வாசிக்கின்றனர்? இன்றைய சட்டம் ஒரு காரணம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. இதனைக் காட்டிலும் ஆழமான காரணம் அவசர காலத்தில் உள்ளது.

1948 ஜூன் திங்களில் மலாயாவில் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. அதன் விதிமுறைகளின்கீழ் அனுமதியின்றிச் சுடுகலன் ஏந்துதல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சுட்டிருக்க வேண்டுவதில்லை, கையில் இருந்தாலே போதும். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். 1949 மார்ச் மாதம் ரவாங் வட்டாரத்தில் வாட்டர்ஃபால் தோட்டத்தில் கைதானபோது அவரிடம் சுழல் துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. அதனைத் தாம் கண்டெடுத்ததாகவும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்ததாகவும் அவர் தரப்பில் கூறப்பட்டது. அது ஏற்கப்படவில்லை. இந்திய அரசு தண்டனையைக் குறைக்குமாறு வேண்டியும் பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

கணபதியை அறிந்த அளவு நம்மவர் சாம்பசிவத்தை அறியார். சட்டம் பயில்வோர் பல நாடுகளில் இன்றும் படிக்கும் பெயர் அது. சுடுகலன் ஏந்தியதாகவும் தோட்டாக்கள் வைத்திருந்ததாகவும் அவர்மீது இரு குற்றச்சாட்டுகள். தோட்டா பற்றிய குற்றச்சாட்டினின்று அவர் விடுவிக்கப்பட்டார். சுடுகலன் பற்றியது மீண்டும் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அவர் கூறியதாக முன்வைக்கப்பட்ட வாக்குமூலத்தில் துப்பாக்கி, தோட்டா ஆகிய இரண்டும் இருந்தன. ஒன்றில் குற்றமற்றவர் என நீதிமன்றம் தீர்த்தபின், அத்தீர்ப்பைப் பொய்யாக்கும் வாக்குமூலத்தை மற்றொன்றுக்கு அப்படியே சான்றாக்குதல் தகாது என்பது மக்டெர்மட் பிரபுவின் தீர்ப்புச் சாரம். 1950இல் தண்டனை நீக்கப்பட்டது. விடுதலைத் தீர்ப்பும் உண்மையென்றே கொள்ளப்பட வேண்டும் என்னும் நெறிக்கு இவ்வழக்கே மேற்கோளாயிற்று.

இரண்டு வழக்குகளிலும் உயிர் தொங்கியது சொல்லின்மீது என்பதை மொழி பயில்வோர் கருதவேண்டும். ஒன்றில் 'ஒப்படைக்க' என்னும் சொல் நம்பப்படவில்லை. மற்றொன்றில் வாக்குமூலத்தின் ஒரு பாதி மறுபாதியை வீழ்த்தியது.

அவசர காலம் 1960இல் முடிவுற்றும் இவ்வச்சம் நீங்கவில்லை. பாதுகாப்புப் பகுதியில் சட்டத்திற்குப் புறம்பாகச் சுடுகலன் வைத்திருத்தலுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு மரண தண்டனையே விதித்தது. அச்சட்டம் 2012இல்தான் நீக்கப்பட்டது. குற்றம் புரிகையில் சுடுவோருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கட்டாய மரண தண்டனை 2023இல் நீதிபதியின் தெரிவுக்கு விடப்பட்டது. மூன்று தலைமுறைகள் 'துப்பாக்கி' என்றதும் 'தூக்கு' என நினைத்துப் பழகிவிட்டன.

அஞ்சலும் கப்பலும்

மாதிரி உரையாடலில் சுங்கத்தில் நின்ற பொதியைக் கண்டோம். இளையோர் பேச்சில் இப்பொருளே மிகுதியாக அடிபடுகிறது. இங்கிலாந்தில் குறைந்த ஆற்றலுடைய காற்றுத் துப்பாக்கியை வயது வந்தோர் சான்றிதழின்றி வாங்க இயலும். மலேசியாவிலோ காற்றுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டத்தின்கீழ் ஆயுதமே. சட்டத்தின் விளக்கம் முழுத் துப்பாக்கியோடு நில்லாமல் அதன் உறுப்புகளையும் தழுவுவது. எனவே அங்கே விளையாட்டுப் பொருளாகக் கப்பலேறியது கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும்போது ஆயுதமாகிவிடுகிறது. போலித் துப்பாக்கி வைத்திருத்தலும் இங்குக் குற்றமே.

இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். போட்டிக்காக வெளிநாடு செல்லும் வீரர் தம் துப்பாக்கியுடன் புறப்படும்போது ஒன்றும் திரும்பும்போது ஒன்றுமாக அனுமதி தேட வேண்டியுள்ளது. தோட்டாவுக்கு விமான நிறுவனங்களின் பன்னாட்டு விதி வேறு: ஒப்புதல் பெற்று, ஒருவர் தம் சொந்தப் பயனுக்கு 5 கிலோகிராம் வரை, சரக்கறையில் செல்லும் பெட்டியில் மட்டுமே கொண்டு செல்லலாம். அஞ்சல் வழி என்பது அறவே இல்லை. இக்கட்டுப்பாடுகள் நம் நாட்டுக்கே உரியவை எனக் கருதுதல் தவறு. அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை அஞ்சலில் அனுப்புவதற்கு எதிராக 1927இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1963இல் அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி அஞ்சல்வழி வாங்கப்பட்டது. அதன்பின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலம் கடந்த அஞ்சல் விற்பனையை உரிமம் பெற்ற வணிகர் வழி மட்டுமே என வரையறுத்தது.

உரையாடலில் மூத்தவர் சொன்ன 'கேக்காம செஞ்சா கோர்ட்டுதான்' என்னும் தொடர் இவ்விதிகள் அனைத்தையும் மூன்று சொற்களில் அடக்கிவிடுகிறது. சட்ட நூலைப் படித்து அவர் இதனைக் கற்றவரல்லர்.

தந்தையின் சாமான்

உரிமம் ஆளுக்கு உரியது, பொருளோடு செல்வதன்று. வீடு, நிலம், நகை ஆகியன போலத் துப்பாக்கி மகனுக்கு வந்துவிடாது. மகன் தன் பெயரில் உரிமம் பெறவேண்டும்; பெறாதவரை அது வீட்டில் இருத்தலே குற்றமாகக்கூடும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட கிள்ளான் வட்டாரத்தில் பன்றி விரட்டத் துப்பாக்கி தேவை என மகன் காரணம் காட்டுவதும் எளிதன்று. ஆகவே பதினாறாம் நாள் காரியத்திற்கு முன்பே குடும்பத்தார் பாலாய்க்குச் செல்ல வேண்டியதாகிறது. தோட்டப்புற வாழ்வோடு வந்த ரவை, மடக்கு, இரட்டைக்குழல் முதலிய சொற்களைப் பிள்ளைகள் கேட்கும் வாய்ப்பும் அத்துடன் நின்றுவிடுகிறது. மலேசியத் தமிழ் வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் மாணவர் ரப்பர் மரம் வெட்டுதல், செம்பனை அறுத்தல் பற்றிய சொற்களோடு இவற்றையும் மூத்தோரிடம் கேட்டெழுதலாம். ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டால் அவர்கள் வாய் திறவார் என்பதை முன்னரே சொல்லிவிடுவது நன்று. கையால் எழுதிக்கொள்வதே தக்கது.

அவ்வாறு கேட்குமிடத்து ஒரு வேறுபாடு புலப்படும். பொருள் வீட்டில் இருக்கும் காலமெல்லாம் 'சாமான்' என்றே வழங்கிய குடும்பங்கள், அதனை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கிய பின்னர், 'அப்பாவோட துப்பாக்கி' என்று தயக்கமின்றிச் சொல்கின்றன.