மரை இறுகினால் பைப் ஏன் பிளக்கிறது?

டைல்ஸ் ஒட்டி, குழாய் பூட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்தாயிற்று. ஒரு சொட்டு ஒழுகவில்லை. சில மாதம் கழித்துச் சுவரின் மறுபக்கம் ஈரம் பூக்கிறது. டைலை உடைத்தால், குழாய் நுழையும் பிளாஸ்டிக் எல்போவில் நீளவாக்கில் மயிரிழை விரிசல். "மட்டமான சரக்கு சார்" என்பார் பிளம்பர். சரக்கு நல்லதாகவே இருந்திருக்கலாம். இறுக்கிய கைதான் கொஞ்சம் பலமான கை.

பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கோடு சேர்ப்பது சுலபம். சால்வென்ட் சிமென்ட்டைப் பசை என்கிறோம். உண்மையில் அது பரப்பைக் கரைக்கிறது. இளகிய இரு பரப்புகளின் மூலக்கூறுச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ள, கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே உடலாகிவிடும். பித்தளைக் குழாயும் கீசர் முனையும் இப்படிக் கரைந்து கொடுக்காது. அங்கே திருகுவதுதான் வழி. அதற்காகத்தான் அடாப்டர்: ஒரு முனையை ஒட்டலாம், மறுமுனையைத் திருகலாம். மரை வெளிப்பக்கம் இருந்தால் கடையில் எம்.டி.ஏ., உட்பக்கம் இருந்தால் எஃப்.டி.ஏ.

அந்த மரை பிளாஸ்டிக்குக்காகப் பிறந்ததல்ல. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த 55 பாகை மரையின் வம்சம் அது. வீட்டுக் குழாயின் மரைக்கு அரை அங்குலம் என்று பெயர். அளந்தால் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மி.மீ. வரும். பெயர் பழைய இரும்புப் பைப்பின் உள்துவாரத்தை வைத்து வந்தது.

இரும்புப் பைப்பின் மரை கூம்பு வாக்கில் வெட்டப்படும். 16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. கூடும். திருகத் திருக, மரத்தில் இறங்கும் ஆப்பு மாதிரி. இரும்புக்குள் இரும்பு இறங்கினால் இரண்டும் நெருங்கி அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ.வுக்குள்ளோ உள்மரை எல்போவுக்குள்ளோ உலோகம் இறங்கினால், அதன் சுவர் சுற்றுவாக்கில் இழுபட்டபடியே நிற்கும். அன்றைக்கு உடையாது. விடாத இழுவிசையில் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நுண்விரிசல் விடும். வெந்நீர் அதை வேகப்படுத்தும். பொருந்தாத எண்ணெயோ பேஸ்டோ பட்டுவிட்டால், சி.பி.வி.சி. என்ற வெந்நீர் பைப் பிளாஸ்டிக் இன்னும் சீக்கிரம் பிளக்கும். கூம்பில்லாத நேர் மரை உள்ள குழாயைத் திருகினாலும் பிளாஸ்டிக் தப்பாது. டெஃப்லான் டேப்பைக் கணக்கில்லாமல் சுற்றி முறுக்கினால் ஆப்பை நாமே செய்துவிடுகிறோம்.

டேப்பின் வேலை சின்னது. எவ்வளவு இறுக்கினாலும் மரையின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சுருளாக ஓடும் ஒரு நூலிழைச் சந்து மிஞ்சும், அதை அடைப்பது. கூடவே வழுக்கவும் வைக்கும். 1938-இல் வேதியியலாளர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லானின் புகழே வழுக்கல்தான். அதனால் எவ்வளவு இறுகிவிட்டது என்று கைக்குத் தெரிவதில்லை. முனையை நம்மைப் பார்க்க வைத்து, கடிகார முள் திசையில் சில சுற்றுகள். கையால் திருகி, பிறகு ரெஞ்சால் ஒன்றிரண்டு திருப்பு. பிளாஸ்டிக் மரைக்கு அதுவே தாராளம்.

உலோகத்துக்குள் பிளாஸ்டிக் மரை போனால் பிளக்கும் பயம் குறைவு. பிளாஸ்டிக் அமுங்கத்தானே செய்கிறது. தண்ணீர் குளிர்ந்ததாக இருந்தால் இது போதும். கீசரில் போதாது. சி.பி.வி.சி. சூட்டில் பித்தளையைவிட மூன்று மடங்குக்கு மேல் விரியும். சூடேறும்போது விரிய இடமின்றி நசுங்கி, ஆறும்போது சுருங்கி, நாளடைவில் ஒழுகத் தொடங்கும். இதற்கும் எல்போ விரிசலுக்கும் மருந்து ஒன்றே: பித்தளை மரை பதித்த ஃபிட்டிங். ஆப்பின் அழுத்தத்தைப் பித்தளை வாங்கிக்கொள்கிறது. பிளாஸ்டிக் அதன் வெளிப்பக்க வரிகளைக் கவ்விப் பிடித்தால் போதும். விலை கூடுதல்தான். டைலுக்குப் பின்னால் போகும் இடத்தில் அந்தக் காசை மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதே இல்லை.

கீசரோடு வரும் வளையும் ஹோஸ் பைப்பில் கணக்கே வேறு. நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான் தண்ணீரை அடைக்கிறது. மரை அதை அழுத்திப் பிடிக்க மட்டுமே. அங்கே டேப் சுற்றுவது வீண்.