பால் தயிராக உறையும் விதம்

தயிரின்மீது நீர் தெளிந்து நின்றால், பால் கொடுத்தவன் தண்ணீர் கலந்தான் என்று பழி கூறுதல் கிராமங்களில் சாதாரணம். பால் உறையும் விதத்தை அறிந்தோர் அவ்வாறு அவசரப்பட்டு முடிவு செய்யார்.

பசும்பாலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கேஸீன் என்பதாகும். இது சுண்ணாம்புச் சத்துடன் தானே திரண்டு, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றது. உருண்டைகளின் மேற்புறத்தில் ஒரே வகை மின்சக்தி இருப்பதால், அவை ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே நிற்கின்றன.

உறைமோர் ஊற்றியதும், அதிலுள்ள நுண்கிருமிகள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. புளிப்பு ஏற ஏற மின்சக்தி குன்றுகிறது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாத்திரம் முழுவதும் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. நீரும் வெண்ணெய்ச் சத்தும் அவ்வலைக்குள் அகப்படுகின்றன. இதுவே தயிர்.

பாலை நன்றாகக் காய்ச்சினால், மற்றப் புரதங்களும் கேஸீனுடன் சேர்ந்து வலையை உறுதியாக்கும். காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாக ஆற்றி உறை ஊற்றி, உறையும் வரை அசைக்காது வைத்தல் வேண்டும். உறையும்போது அசைத்தாலும், அளவுக்கு மிஞ்சிப் புளிக்கவிட்டாலும், வலை அறுந்தோ சுருங்கியோ நீர் வெளிப்படும். தண்ணீர் கலந்த பாலும் தளர்ந்தே உறையுமாதலால், தயிரைக் கண்டு மட்டும் குற்றத்தை நிச்சயித்தல் இயலாது.

ஆகவே, புகார் வந்தவிடத்துக் கிராம அதிகாரிகள் தயிரைச் சாட்சியாகக் கொள்ளாது, உறை ஊற்றாத பாலையே லாக்டோமீட்டராலும் கொழுப்பளவாலும் பரீட்சிக்கச் செய்தல் நலம்.