பல்லை ராவுவதற்கு முன்

வேர் சிகிச்சை முடிந்த கையோடு அந்தக் கேள்வி வரும்: “கேப் செராமிக்கில் போடலாமா, சிர்கோனியாவில் போடலாமா?” ஊசி போட்டு உதடு மரத்துக் கிடக்கும். வாய் நிறைய பஞ்சு. பலர் அந்த நிலையில் தலையாட்டிவிட்டு, பில் வரும்போதுதான் விழிக்கிறார்கள். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கும் பொருந்தும். என்ன சிகிச்சை, அதற்கு மாற்று என்ன, ஆபத்து என்ன என்று விளங்கிய பிறகு நோயாளி தருவதே சம்மதம். “யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுந்து வர உங்களுக்கு உரிமை உண்டு. தற்காலிக அடைப்போடு சில நாள் பொறுப்பதால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுவிடாது. எத்தனை நாள் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேப் போட, பல்லைச் சுற்றிலும் மேலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை ராவி எடுப்பார்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது. அதனால் எந்தக் கேப் என்பதற்கு முன்னால், இந்தப் பல்லுக்குக் கேப் தேவையா என்று கேட்க வேண்டும். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் தேவை. இல்லாவிட்டால் மெல்லும்போது பிளந்துபோகலாம். சிறு சொத்தை மட்டுமே இருந்த முன்பல்லுக்கு அடைப்பே போதும் என்ற நிலை பல நேரம் உண்டு. சிரிப்பு அழகாக வேண்டும் என்பதற்காக நல்ல பற்களை வரிசையாக ராவச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. முழு உலோகக் கேப் மலிவு, உழைக்கும், ஆனால் பளிச்செனத் தெரியும். உலோகத்தின் மேல் செராமிக் பூசியது நடுத்தர விலை. நாளடைவில் ஈறு இறங்கினால் ஓரத்தில் கருங்கோடு தெரியலாம், செராமிக் சில்லு பெயரலாம். சிர்கோனியாவில் உலோகம் இல்லை, உறுதி அதிகம், விலையும் அதிகம். கவரிங் நகை போட்டால் உடம்பு அரிக்கும் என்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விலை குறைந்த உலோகக் கலவைகளில் நிக்கல் இருப்பது சகஜம்.

சிர்கோனியா என்றால் கூடவே ஒரு வாரன்டி கார்டு வரும். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று அச்சிட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர், பல் எண், லேபின் பெயர், அடையாள எண் இருக்கின்றனவா என்று பாருங்கள். கார்டே தராவிட்டால், போட்டது சொன்ன பொருள்தானா என்று பிறகு நிரூபிப்பது கடினம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த உத்தரவாதம் பெரும்பாலும் கேப் உடைவதற்கு மட்டுமே. கேப்பின் ஓரத்தில் அழுக்கு சேர்ந்து உள்ளே பல் சொத்தையானால் லேப் பொறுப்பேற்காது. உண்மையில் பல கேப்கள் தோற்பது அப்படித்தான்.

விழுந்த பல்லுக்கு பிரிட்ஜ் என்றால் வழக்கமாக இருபக்கத்துப் பற்களையும் ராவ வேண்டும். தாங்கும் பல் ஒன்று கெட்டால் மொத்தமும் போகும். இம்ப்ளான்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது, ஆனால் எலும்போடு சேர மாதக்கணக்கில் ஆகும். கட்டுப்படாத சர்க்கரை, புகைப்பழக்கம், எலும்புப்புரைக்கு எடுக்கும் மாத்திரை அல்லது ஊசி, இவற்றை மறைத்தால் நஷ்டம் உங்களுக்கே. செலவு கட்டாது என்றால் கழற்றி மாட்டும் பல்செட் கேவலமில்லை. சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செயற்கைப் பல்லுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

ஒரே நாளில் பிளாஸ்டிக் பல்லைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடும் ‘பல் கட்டுகிறவர்கள்’ இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒட்டு தாங்கும் பல்லையும் அரித்துவிடும். பல் மருத்துவராகச் சட்டப்படி பதிவு பெறாதவர் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. பதிவு எண்ணை மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் சரிபார்க்கலாம்.

சிகிச்சை கெட்டுப்போனால் முதலில் அதே மருத்துவரிடம் எழுத்தில் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினைகள் அங்கேயே தீரும். தீராவிட்டால் தொழில்முறைத் தவறுக்கு மாநில மன்றம், இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே முடிவான விஷயம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. முதலில் ஆலோசனை வேண்டுமானால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ஆனால் கேப் கழன்றது என்பதாலேயே அலட்சியம் நிரூபணமாகிவிடாது. அநேகமாக இன்னொரு பல் மருத்துவரின் கருத்து தேவைப்படும். அவர் பழைய கேப்பைக் கழற்றும் முன் எக்ஸ்ரேயும் படமும் எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய கேப்பையும் குப்பையில் போடவிடாமல் கேட்டு வாங்கி, பில்லோடும் கார்டோடும் சேர்த்து வையுங்கள்.