மாத்திரை என்றால் விழுங்கத்தான் வேண்டுமா?

என் மாமியாருக்கு வயது 68. ஆஸ்துமா இருப்பதால் காலையும் மாலையும் இன்ஹேலர் இழுப்பார். மேல் வரிசைக்குப் பல் செட். 2023-ஆம் வருடம் ஐப்பசி மழை சமயத்தில் திடீரென்று சாப்பாட்டைக் குறை சொல்ல ஆரம்பித்தார். "ரசத்துல ஏன் இவ்வளவு மிளகு?" என்பார். மிளகைக் குறைத்தால், "ருசியே இல்லையே" என்று தட்டைப் பாதியில் நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். பதினாலு வருடமாக நான் வைக்கிற அதே ரசம்தான். என் மேல் உள்ள கோபத்தைச் சாப்பாட்டில் காட்டுகிறார் என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பத்து நாள் வீட்டில் சரியாகப் பேச்சே இல்லை.

ஒரு நாள் அத்தை பல் செட்டைக் கழற்றிக் கழுவும்போது தற்செயலாகப் பார்த்தேன். நாக்கிலும் மேல் அண்ணத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. "வாய் பூரா எரியுதும்மா. சொன்னா உனக்கு வேலை வைக்கிறேன்னு நினைப்பியோன்னுதான் சொல்லலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். வாயில் பூஞ்சைத் தொற்று என்றார் டாக்டரம்மா. நிறையப் பேர் வாயில் சும்மா இருக்கிற பூஞ்சைதானாம். இன்ஹேலர் மருந்து வாயிலேயே தங்கினாலும், ராத்திரி பல் செட்டைக் கழற்றாமல் படுத்தாலும், சர்க்கரை கூடினாலும் அது பெருகிவிடுமாம். குளோட்ரிமசோல் 10 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஐந்து வீதம் 14 நாளைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஐந்து நாள் ஆயிற்று. எரிச்சல் துளிகூடக் குறையவில்லை. ஆறாம் நாள் பார்த்தால், அத்தை மாத்திரையை வாயில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கிறார்! "ஐயோ அத்தை, அதை வாயில அடக்கிக்கணும்" என்றேன். "மாத்திரைன்னா முழுங்கறதுதானேம்மா?" என்றார். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டது நான். அத்தையிடம் விளக்காமல் கவரை மட்டும் கையில் கொடுத்ததும் நான்தான்.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னோம். இந்த மருந்து வாயில் மெதுவாகக் கரைந்து, புண் உள்ள இடத்தில் படிந்தால்தான் வேலை செய்யுமாம். விழுங்கிவிட்டால் வயிற்றுக்குப் போய் வீணாகிவிடும். "இன்னியிலிருந்து 14 நாள் எண்ணுங்க" என்றார். அவர் சொன்னபடி நாங்கள் செய்தது இதுதான்:

* வாய் கொப்பளித்து, பல் செட்டைக் கழற்றிவிட்டு மாத்திரையை அடக்கிக்கொள்வது. கடிக்கவோ, விழுங்கவோ கூடாது. ஊறும் எச்சிலை விழுங்கலாம்.

* கரைய 15 முதல் 30 நிமிடம் ஆகும். அத்தை டி.வி. சீரியல் ஆரம்பிக்கும்போது அடக்கினால், அது முடிவதற்குள் கரைந்துவிடும். அப்புறம் அரை மணி நேரம் காபி, தண்ணீர் எதுவும் கிடையாது.

* ஒவ்வொரு முறை இன்ஹேலர் இழுத்ததும் தண்ணீரால் கொப்பளித்துத் துப்புவது. பயந்து இன்ஹேலரை நிறுத்தவே கூடாது.

* ராத்திரி பல் செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வைப்பது.

* எரிச்சல் போய்விட்டதே என்று பாதியில் மாத்திரையை நிறுத்தாமல் 14 நாளும் முடிப்பது.

வேறு மாத்திரை சாப்பிடுபவர்களும், ஈரல் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம். கடையில் கேட்டு நாமாக வாங்கிப் போடுவதும் கூடாது.

நாலைந்து நாளில் வெள்ளை குறைய ஆரம்பித்தது. ஒரு வாரம் கழித்து அத்தை இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தோழிகளே, வீட்டில் பெரியவர்கள் திடீரென்று "காரம்", "ருசியில்லை" என்றால் கோபப்படுவதற்கு முன், ஒரு தடவை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மாத்திரையைக் கொடுக்கும்போது, எப்படிப் போட வேண்டும் என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

– ஒரு வாசகி, கும்பகோணம்.