ஒரு சுருதி, இரண்டு பக்கம்

தஞ்சோங் ரம்புத்தான், ஈப்போ வட்டாரத்துக் கல்யாண மண்டபத்திலோ கோயில் திருவிழாவிலோ வாசிக்கும் இசைக்குழுவுக்கு மேடையில் இடம் தாராளமாகக் கிடைப்பதில்லை. ஒலியளவுகளைக் கையாள ஒரு டேப்லெட்டும் டச்ஓஎஸ்சி போன்ற செயலியும் இருந்தால் பெரிய உதவி. வேண்டிய ஃபேடர்களையும் பட்டன்களையும் திரையில் நாமே அமைத்து, அவற்றின் அசைவை, இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறையில், கணினிக்குச் செய்தியாக அனுப்பலாம்.

திரை சிறியது. அதனால் பாட்டுக்கு ஒரு பக்கம், தாளத்துக்கு ஒரு பக்கம் என்று பிரிக்கிறோம். சுருதியின் அளவு மட்டும் இரண்டு பக்கத்திலும் வேண்டியிருக்கிறது. ஃபேடரை நகலெடுத்து அடுத்த பக்கத்தில் ஒட்டிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மிடியில் அளவு 0 முதல் 127 வரை. முதல் பக்கத்தில் சுருதியை 90-க்கு ஏற்றியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்து நகலுக்கு அது தெரியாது. அது 40-இலேயே நிற்கிறது. பாட்டின் நடுவில் அதைத் தொட்டதும் சுருதி 90-இலிருந்து 40-க்குச் சட்டென விழும். பாடுகிறவருக்கு அந்த நொடியில் பிடிமானமே போய்விடும். ஆகவே நகல் வைத்தால் இணைத்தே வைக்க வேண்டும்.

இணைக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, செயலிக்குள்ளேயே இணைப்பது. 2021-இல் வந்த புதிய டச்ஓஎஸ்சியில் ‘லோக்கல்’ செய்தி என்ற வசதி இருக்கிறது. ஒரு கட்டுப்பாட்டின் மதிப்பை இன்னொன்றுக்கு அது உள்ளுக்குள்ளேயே கொடுக்கும். அசலிலிருந்து நகலுக்கு ஒன்று, நகலிலிருந்து அசலுக்கு ஒன்று என இரண்டு திசையிலும் அமையுங்கள். கணினிக்கு மிடி அனுப்பும் வேலை அசலுக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டுமே அனுப்பினால் ஒரே அசைவுக்கு இரண்டு செய்திகள் போகும். பிறகு பிழை எங்கே என்று தேடுவது பெரும்பாடு. தொடக்க மதிப்பையும் இரண்டுக்கும் ஒன்றாகவே வையுங்கள்.

இரண்டாவது வழியில் நடுவர் கணினிதான். இரண்டு ஃபேடருக்கும் ஒரே மிடி எண்ணைக் கொடுத்து, இரண்டையும் செய்தி வாங்க அனுமதிக்க வேண்டும். கணினியில் இருக்கும் இசை மென்பொருள் ஏபிள்டன் லைவ் என்றால் மிடி அமைப்பில் வெளியேறும் போர்ட்டுக்கும் ‘ரிமோட்’டைத் திறந்துவிடுங்கள். சுருதியின் இப்போதைய அளவு டேப்லெட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு ஃபேடரையும் நகர்த்தும். கணினியில் மவுஸால் மாற்றினாலும் திரை சரியாகவே காட்டும் என்பதால், முடிந்த இடத்திலெல்லாம் இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் திரும்பி வந்த செய்தியை ஃபேடர் மறுபடியும் அனுப்பக் கூடாது. அனுப்பினால் செய்தி சுற்றிச் சுற்றி வந்து, விரலுக்கடியில் ஃபேடர் நடுங்கும். வைஃபை மந்தமாக இருக்கும் மண்டபத்தில் இந்த நடுக்கம் இன்னும் கூடும்; கேபிள் போடுவது நிம்மதி.

எல்லா நகலுக்கும் இணைப்பு தேவையில்லை. அழுத்தும்போது மட்டும் வேலை செய்யும் பட்டனுக்கு நினைவு கிடையாது. அதை எத்தனை பக்கத்திலும் தனித்தனியாக வைக்கலாம். ஒருமுறை அழுத்தினால் எரிந்து, மறுமுறை அணையும் பட்டனை மட்டும் கட்டாயம் இணையுங்கள். இல்லாவிட்டால் மைக்கை அடைக்க ஒரே பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டிவரும்.

ஒத்திகையின்போது போய்வரும் செய்திகளைக் காட்டும் செயலியின் ‘லாக்’ பகுதியைத் திறந்து வைத்து, நகலை மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு மதிப்பும் ஒரே ஒரு முறை வெளியே போனால் இணைப்பு சரி.