பனிப்பலகையில் முதல் பாடம்

பனிச்சறுக்கு என்றவுடன், கால்களில் நீண்ட சட்டங்களும் கைகளில் கோல்களுமாக மலைச்சரிவில் இறங்குவோரின் காட்சியே பலருக்கும் நினைவில் எழும். ஸ்னோபோர்டிங் எனப்படும் பனிப்பலகைச் சறுக்கு அதனின்று வேறுபட்டது. இதில் பலகை ஒன்றே; கோல்கள் இல்லை; இரு கால்களும் பலகையின் குறுக்கே பிணைக்கப்பட்டிருக்கும். 1965ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் இரு சறுக்குச் சட்டங்களை இணைத்து வீட்டுக் குழந்தைகளுக்காக அமைத்த விளையாட்டுப் பொருளே இதன் முன்னோடி. 1998இல் ஜப்பானின் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது.

நம் நாட்டில் இதனைப் பயில ஏற்ற இடங்களுள் ஒன்று காஷ்மீரின் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020 முதல் இங்கு நடைபெற்று வருகின்றன. விடுமுறைப் பயணச் சலுகையில் அங்குச் சென்ற நாங்கள் நால்வரும் நாற்பதைக் கடந்தவர்கள்; உறைபனியைத் திரையில் மட்டுமே கண்டிருந்தவர்கள்.

விழுவதற்கும் முறை உண்டு

பயிற்சி சமதளப் புல்வெளியில் தொடங்கியது. எந்தக் கால் முன்னே நிற்க வேண்டும் என்பதே முதல் கேள்வி. பயிற்றுநர் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினார். தடுமாற்றத்தில் இயல்பாக முன்னே சென்ற காலே முன்கால். இடக்கால் முன்னிற்பின் 'ரெகுலர்', வலக்கால் முன்னிற்பின் 'கூஃபி' என்பர்.

அடுத்து விழுவதற்குப் பயிற்சி. விழும்போது கையை ஊன்றித் தாங்க முயல்வது மனித இயல்பு. புதியவர்களுக்கு மணிக்கட்டு முறிவதும் பெரும்பாலும் அதனால்தான். முன்புறம் விழுந்தால் விரல்களை மடக்கி, முழங்கால்களாலும் முன்கைகளாலும் தாங்க வேண்டும். பின்புறம் விழுந்தால் மோவாயை மார்போடு சேர்த்து, இடுப்பிலிருந்து முதுகுக்கு உருள வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். ஸ்கேட்டிங் பயில்வோர் அணியும் மணிக்கட்டுக் காப்பை ஊரிலிருந்தே வாங்கிச் செல்வது நல்லது.

பலகையின் இருபுறமும் எஃகு விளிம்பு உண்டு. சரிவில் நிற்கையில் மேட்டுப்புற விளிம்பிலேயே உடல் எடை இருக்க வேண்டும். பள்ளத்துப்புற விளிம்பு பனியில் குத்திக்கொண்டால், நொடியில் தூக்கி எறியப்படுவோம். குதிகால் விளிம்பில் நின்று மெல்லக் கீழே வழுக்கி நிற்பதுதான் முதல் நாள் பாடம். பிறகு காற்றில் உதிரும் இலைபோல் இடமும் வலமுமாக மாறி மாறி இறங்கப் பழகுவர். திருப்பம் அதற்கும் பின்னரே.

நண்பகலுக்குள் எங்களுள் மூத்தவரான அம்மையார் பலகையைக் கழற்றிவிட்டு, "இந்த வயதில் இது எதற்கு?" என்று அமர்ந்துவிட்டார். பயிற்றுநர் வற்புறுத்தவில்லை. "சற்று இளைப்பாறுங்கள், மேடம். பிறகு எழுந்து நிற்க மட்டும் பழகுவோம்" என்றார். அமர்ந்த நிலையிலிருந்து எழுவது கடினம். குப்புறத் திரும்பி, மண்டியிட்டு, கையூன்றி எழுவது எளிது. அந்த ஒரு முறையை அவர் பத்துத் தடவை செய்தார். மாலையில் சிறு மேட்டிலிருந்து விழாமல் இறங்கி, தாம் எண்ணிய இடத்தில் நின்றார். கைதட்டியோருள் அருகில் பயின்ற பள்ளிச் சிறுவர்களும் இருந்தனர்.

உயரத்தின் ஈர்ப்பு

குல்மார்க்கின் கேபிள் கார் இரண்டு கட்டங்கள் கொண்டது. முதற்கட்டம் கொங்டூரி வரை; இரண்டாம் கட்டம் அபர்வாத் மலையில் 4,000 மீட்டரை நெருங்குகிறது. காட்சிக்காக ஏறலாம், பலகையோடு ஏறுவது தேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது. 2023 பிப்ரவரியில் அபர்வாத் சரிவில் பனிப்பாறைச் சரிவு ஏற்பட்டு, போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். இரண்டாம் நாள் நாங்களும் மேலே செல்ல விரும்பினோம். பயிற்றுநர் இசையவில்லை. திருப்பம் கைவராதவரை புல்வெளியே போதும் என்றார், நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

புறப்படும் முன்

காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்குப் பகுதியை வாசியுங்கள். மருத்துவக் காப்பீடுகளில் பொதுவாகக் காணப்படும் விலக்கு, சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுவோரைக் குறிப்பது. ஆனால் பயணக் காப்பீடுகள் பலவற்றில், கூடுதல் பிரீமியம் செலுத்தினாலன்றிச் சாகச விளையாட்டுகளுக்குப் பாதுகாப்பு இல்லை. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் விபத்தால் நேரும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியது. மணிக்கட்டு முறிவின் மருத்துவச் செலவை அது தராது.

பிற மாநில ப்ரீபெய்டு எண்கள் ஜம்மு காஷ்மீரில் இயங்குவதில்லை. எனவே ஓடிபி வராது. யுபிஐ பரிவர்த்தனையும் தடைபடலாம். குழுவில் ஒருவரேனும் வங்கிக் கணக்குடன் இணைந்த போஸ்ட்பெய்டு எண் வைத்திருக்க வேண்டும். ஓரளவு ரொக்கமும் தேவை. பலகை, பூட்ஸ், உடை அனைத்தும் வாடகைக்குக் கிடைக்கும். கட்டணத்தையும் பயிற்சி நேரத்தையும் முன்னதாகவே பேசி முடிவு செய்க. ஜீன்ஸ் நனைந்து உறைந்துவிடும். கம்பளி உள்ளாடையே உகந்தது.

குறைந்தது மூன்று நாள்கள் ஒதுக்குங்கள். ஒரு மாதம் முன்பிருந்தே தொடைக்கும் முழங்காலுக்கும் வலுவூட்டும் உடற்பயிற்சி செய்யுங்கள். மூன்றாம் நாள் முடிவில் விரும்பிய இடத்தில் நிற்கத் தெரிந்துவிட்டால், அதுவே நிறைவான தொடக்கம்.