கிளச் தேய்வது கிலோமீட்டராலா, காலாலா?

"காடி இன்னும் எண்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அதற்குள் கிளச் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் போமென். நம்பலாமா?" மேனுவல் கியர் வாகனம் வைத்திருக்கும் பலருக்கும் என்றாவது ஒருநாள் எழும் கேள்வி இது. நேயர்களே, இதற்குக் கிலோமீட்டரை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு மைவி கார்களில் ஒன்றின் கிளச் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் நன்றாக இருக்கும். மற்றொன்றில் ஐம்பதாயிரத்திலேயே கருகிப் போகும். பொருள் ஒன்றுதான், ஓட்டும் கால்தான் வேறு.

கிளச் என்பது என்ன? இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரமோ சில நேரம் நிற்கவும் வேண்டும், சில நேரம் ஓடவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளச்சின் வேலை. இயந்திரத்தின் பின்னால் பிளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறது. அதன்மேல் உராய்வுப் பூச்சு கொண்ட வட்டத் தட்டு ஒன்றை, கிளச் கவரில் உள்ள ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் பேரிங் ஒன்று அந்த ஸ்பிரிங்கைத் தள்ளும், தட்டு விடுபடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெடலை முழுதாக விட்டிருக்கும்போது தட்டு பிளைவீலோடு ஒட்டி ஒன்றாகச் சுற்றுகிறது, தேய்மானம் இல்லை. முழுதாக மிதித்திருக்கும்போது தட்டு தனியாக நிற்கிறது. அப்போதும் தட்டுக்குத் தேய்மானம் இல்லை. இரண்டுக்கும் நடுவில், அரை கிளச்சில் கால் நிற்கும் அந்த நேரத்தில்தான் தட்டு வழுக்கி, உரசி, சூடேறித் தேய்கிறது. ஆகவே கிளச்சின் ஆயுளை அளக்க வேண்டியது கிலோமீட்டரால் அல்ல, அரை கிளச்சில் கழிந்த நிமிடங்களால்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு அந்த நிமிடங்களுக்குப் பஞ்சமே இல்லை. கிள்ளானிலிருந்து ஷா ஆலாம், சுபாங், பெட்டாலிங் ஜெயா வழியாகக் கோலாலம்பூருக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையைக் காலை ஏழரை மணிக்குப் பாருங்கள். பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல் சாவடிகள் 2018 ஜனவரி 1 முதல் எடுக்கப்பட்டன. சாவடிகள் போயின, ஊர்ந்து போவது மட்டும் போகவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் நுழைந்தவர்களுக்கும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பார்க்கிங் தேடியவர்களுக்கும் விளக்கம் தேவையில்லை. முன்னால் போகும் கார் இரண்டடி நகர்ந்தவுடன் நாமும் இரண்டடி நகர வேண்டும் என்ற அவசரம்தான் கிளச்சுக்கு எமன். பத்தடி இடைவெளி விழும்வரை நியூட்ரலில் காத்திருந்து, பிறகு முதல் கியரில் போட்டு, காலை முழுதாக எடுத்து நகர்வதே சரி. இடையில் இன்னொரு கார் நுழைந்துவிடுமே என்பார்கள். நுழையட்டும், அவர் கிளச் அவருடையது!

பேரங்காடிகளின் மாடி கார் நிறுத்துமிடங்களில் ஏற்றத்தில் வரிசையாக நிற்கும்போது, பலர் ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதே இல்லை. அரை கிளச்சிலேயே வண்டியைப் பின்வாங்காமல் தாங்கிப் பிடிப்பதைத் திறமை என்று நினைக்கிறார்கள். நல்ல நெடுஞ்சாலையில் ஒரு மாதம் ஓடினாலும் ஏற்படாத தேய்மானம் அந்தச் சில நிமிடங்களில் ஏற்பட்டுவிடலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பெடல் மேல் காலை ஓய்வாக வைத்திருப்பதும் இப்படித்தான். லேசான அழுத்தம்தானே என்று தோன்றும், ஆனால் பேரிங் ஓயாமல் சுற்றித் தேயும்.

இனி டீசலுக்கு வருவோம். டீசல் வண்டியின் கிளச் சீக்கிரம் போகும் என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதிதான் உண்மை. 1.3 லிட்டர் மைவியின் முறுக்குவிசை 117 நியூட்டன் மீட்டர் அளவில் இருந்தது. 1.9 லிட்டர் இசுசு டி-மேக்ஸ் பிக்கப்புக்கு அது 350, ஏறக்குறைய மூன்று மடங்கு. அவ்வளவு விசையையும் அந்தத் தட்டுதான் தாங்க வேண்டும். எனவே அது பெரிதாகவும் ஸ்பிரிங் பலமாகவும் இருக்கும். ஆனால் டீசலின் பலம் குறைந்த சுற்றிலேயே கிடைத்துவிடுவதால், எண்ணெயை மிதிக்காமலே முதல் கியரில் காலை எடுத்துவிட்டு நெரிசலில் ஊர்ந்து போகலாம். சிறிய பெட்ரோல் கார் அப்படிச் செய்தால் திக்கித் திணறி நின்றுவிடும். பழகிய கால் கொண்ட ஒருவரிடம் டீசல் கிளச் நீண்ட காலம் உழைக்கிறது.

பிறகு ஏன் அந்தப் பெயர்? சுமைதான் காரணம். டீசல் வண்டியை வாங்குகிறவர் பெரும்பாலும் அதைக் கொண்டு பிழைக்கிறவர். சமையல் குத்தகைக்காரரின் வேன், கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் பிக்கப், கட்டுமானச் சாமான் ஏற்றும் சிறு லோரி எல்லாம் அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, சில நேரம் இரண்டாவது கியரிலேயே கிளம்புகின்றன. தட்டு புகையாமல் என்ன செய்யும்?

செலவு கூடுவதற்கும் தனிக் காரணம் உண்டு. டீசல் இயந்திரத்தின் அதிர்வு அதிகம். அதைத் தணிக்க, புதிய டீசல் வாகனங்கள் பலவற்றில் இரட்டைப் பிளைவீல் இருக்கும். இரண்டு இரும்புச் சக்கரங்களுக்கு நடுவில் ஸ்பிரிங் வைத்த அமைப்பு அது. கிளச் சூட்டில் இதுவும் கெட்டுப்போனால் கடைந்து சரிசெய்ய வழியில்லை, புதிதாகவே போட வேண்டும். நம் பெரோடுவா, புரோட்டோன் சிறிய கார்களுக்குச் சாமானும் கூலியும் சேர்த்துச் சில நூறு வெள்ளியில் முடிகிற வேலை, பிக்கப்புக்கு ஆயிரத்தைத் தாண்டும். இரட்டைப் பிளைவீலும் சேர்ந்தால் சில ஆயிரங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் கியர்பெட்டியை இறக்குவதே பெரிய வேலை என்பதால் கூலியும் கூடும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே நாளில் ஏறியதைத் தாங்கிய சிறு வியாபாரிக்கு, இப்படி ஒரு பில் வந்தால் ஒரு மாத வருமானமே ஆடிப்போகும்.

கூலிதான் பில்லில் கனமான பகுதி என்பதால், தட்டை மட்டும் மாற்றுங்கள் போதும் என்று சிக்கனம் பார்ப்பது நல்லதல்ல. தட்டு, கவர், பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றிவிட வேண்டும். ஆறு மாதத்தில் பேரிங் கத்த ஆரம்பித்தால் மறுபடியும் கியர்பெட்டியை இறக்க வேண்டும், மறுபடியும் கூலி. இயந்திரத்தின் பின்புற ஆயில் சீலையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அது கசிந்தால் புதிய தட்டும் எண்ணெயில் ஊறிவிடும். ஹாஃப்கட் கடைகளில் கிளச் மலிவாகக் கிடைக்கும். கதவும் விளக்கும் அங்கே வாங்கலாம், தேய்ந்து தீரும் பொருளை வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

மாற்றுவதற்குமுன், உண்மையில் கிளச்தான் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். எண்ணெயை மிதித்தால் இயந்திரச் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் தட்டு வழுக்குகிறது. மாறாக, வண்டி நன்றாக இழுக்கிறது, ஆனால் கியர் விழ மறுக்கிறது, பெடல் அமுங்கிப் போகிறது என்றால், கிளச் பம்பில் கசிவோ, பழைய கஞ்சில் போன்ற கார்களில் கேபிள் தளர்ச்சியோ இருக்கலாம். அவை கியர்பெட்டியை இறக்காமலே குறைந்த செலவில் முடியும். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விடுங்கள். இயந்திரம் உடனே நின்றுவிட்டால் தட்டு பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இந்தச் சோதனையே தட்டைத் தேய்த்துவிடும்.

ஆட்டோ காடிக்காரர்கள் நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று இருந்துவிட வேண்டாம். வழக்கமான ஆட்டோவில் மிதிக்கும் கிளச் இல்லைதான். ஆனால் உலர் இரட்டைக் கிளச் கொண்ட ஆட்டோக்களும் இங்கே விற்கப்பட்டன. ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோக்கஸ் கார்களின் அத்தகைய கியர்பெட்டி பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக, ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் எந்த வகை ஆட்டோ என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டறையில் வேலை தொடங்குமுன், எந்தச் சாமான், என்ன விலை, எவ்வளவு கூலி என்று எழுத்தில் கேளுங்கள். பதிவு பெற்ற பெரிய பட்டறை என்றால் 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோகக் காரில் ஏமாற்றப்பட்டதாகக் கருதினால், மூன்று ஆண்டுகளுக்குள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ரிசீட் இல்லாமல் போனால் மட்டும் பேச்சு எடுபடாது.

பழைய தட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பூச்சு ஒரே சீராகத் தேய்ந்து ரிவெட் தலைகள் தட்டுப்பட்டால், அது ஓடி முடித்த தட்டு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீல் கசிந்திருக்கிறது. பூச்சு தடிமனாகவே இருந்து, கருகிப் பளபளத்து, பிளைவீலிலும் நீலத் திட்டுகள் தெரிந்தால், அரை கிளச்சில் யார் கால் இருந்தது என்று வீட்டில் விசாரிக்க வேண்டியதுதான்.